பின் இருக்கை

பதினெட்டு லட்சம் பெசோ.
இலக்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம்,
எங்கள் ஊரில் ஒரு கிலோ ரொட்டியே இரண்டாயிரம்.
இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்து சுசுகி.
விற்ற ஒபாண்டோ
சால்மன் பண்ணைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றியவர்.
"வாசம் போயிடும்" என்றார்,
என் கண்ணைப் பார்க்காமல்.

போகவில்லை.
வினிகர், சமையல் சோடா, காப்பித் தூள்.
கடைசியில் ஒரு வாரம்
நான்கு கதவுகளையும் திறந்துவைத்து
கொயாய்க்கே காற்றிடம் ஒப்படைத்தேன்.
இப்போது காற்றுக்கும் மீன் வாசம்.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்:
முன் அச்சின் ரப்பர் உறைகள், டைமிங் செயின்,
யாரோ வெறும் ஆற்றுத் தண்ணீரை ஊற்றியே ஓட்டிய ரேடியேட்டர்.
எலிசேயோ பட்டியலை வாசிக்க வாசிக்க
அவன் நாயைத் தலையிலிருந்து தடவிக்கொடுத்தேன்.
வால் நுனி வந்துவிட்டது.
பட்டியல் முடியவில்லை.

கூரைமேல் விரிக்கிற கூடாரத்தின் விலையையும் கேட்டேன்.
கேட்டதற்கே காசு வாங்குவார்கள் போலிருந்தது.

அதனால்தான் பின் இருக்கையைக் கழற்றினேன்.
பதினான்காம் நம்பர் ஸ்பேனர், நான்கு போல்ட்.
நான்காவது போல்ட்டுக்கு மட்டும்
இரண்டு சாயங்காலமும் ஒரு நகமும்.
அடியில் நூறு பெசோ நாணயம் மூன்று,
ஒரு காலத்தில் திராட்சையாக இருந்த ஏதோ ஒன்று,
குழந்தையின் இடக்கால் ஷூ.

ஒபாண்டோவுக்குப் போன் செய்தேன்.
நெடுநேரம் சத்தமில்லை.
"அவனுக்கு இப்போ நாற்பத்து நாலாம் சைஸ்" என்றார்.
மறுநாள் வந்தார்,
மழையில், எட்டுக் கிலோமீட்டர்,
அந்த ஒற்றை ஷூவுக்காக.
காரை விற்றவர், நடந்து.

நான் இரவு ஷிப்ட்டில் மருத்துவமனைச் சலவை.
பதினொரு வருடமாக மற்றவர்கள் படுத்த விரிப்புகள்.
வார்டு கழித்துப் போட்ட மெத்தையை
ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
மர அறுவை மில்லில் மிஞ்சிய லெங்கா பலகை,
ஒரு மீட்டர் அறுபத்திரண்டு. அதற்குமேல் கதவு மூடாது.
என் உயரம் எழுபத்தொன்று.
மிச்சம் ஒன்பது சென்டிமீட்டரை என்ன செய்வது?
"மூலைவாட்டில் படு" என்றான் எலிசேயோ,
"நேராப் படுக்கிறதெல்லாம் பணக்காரங்களுக்கு."

அடியில் ஓர் இழுப்பறை: அடுப்பு, மாத்தே கிண்ணம், சாக்ஸ்.
ஏற்றத்தில் தானே திறக்கும்,
இறக்கத்தில் தானே சாத்திக்கொள்ளும்.
பூட்டு வாங்க வேண்டும்.

சரளைச் சாலை தீர்ந்துபோகிற தென்கோடி ஊர்வரை
போக வேண்டும் என்றுதான் எல்லாம்.
முதல் இரவு செரோ காஸ்தியோவைத் தாண்டவில்லை.
மூன்று மணிக்கு
கூரைக் கம்பியின் ஓட்டை வழியாக ஒரு சொட்டு
நேராக நெற்றிப்பொட்டில்.
தலையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன்.
சொட்டு இப்போது பாதத்தில்.
பாதம் பொறுத்துக்கொள்ளும்.
வெளியே மலை இருந்திருக்க வேண்டும்,
மேகம் காட்டவில்லை.
மூடிய கண்ணாடியில் என் மூச்சு படிந்து
விடியும்வரை வழிந்தது.
இவ்வளவு தண்ணீர் எனக்குள் இருந்ததா.

கழற்றிய இருக்கை சமையலறையில்,
இரண்டு ஆப்பிள் பெட்டிகளின் மேல், விறகடுப்புக்கு எதிரே.
ஓரத்து பெல்ட்டுகள் வண்டியிலேயே தங்கிவிட்டன,
தண்ணீர் கேனைப் பிடித்துக்கொள்ள.
நடு பெல்ட் மட்டும் இருக்கையோடு வந்துவிட்டது.

தங்கை மகள் ஆய்லின், ஐந்து வயது,
வந்ததும் அதில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு,
ஜன்னலில் மழை ஓடுவதைப் பார்க்கிறாள்.
"மெதுவாப் போ, சித்... வளைவு" என்கிறாள்,
பாதி வார்த்தையில் கொட்டாவி விட்டு.

நான் அடுப்பின் காற்றுத் திறப்பைக்
கொஞ்சம் மூடுகிறேன்.