மூடியில்லாத தொட்டி

அறுபது லிட்டர்.
பாறைக்குப் பன்னிரண்டு போக நாற்பத்தெட்டு என்றேன்.
நௌஷாத் விரல் மடக்கினான்:
மூன்று மீன். அடம்பிடித்தால் நான்கு.
ஐந்து போட்டால் தானாகவே மூன்றாகிவிடும்.

குர்லாவில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல்.
காற்றூதிக் கட்டிய பைகளில்
ஆணிக்கு ஆணி தொங்குகிறது கடல்.
ஜெசிந்தா நீலமாய் ஒன்றைக் காட்டினாள்.
"ஒரு சாண் வளரும். நீந்த ஆறடி கேட்கும்."
பாதி ஊதா, பாதி மஞ்சளாய் ஒன்று.
"பொடியன்தான். முதலில் விட்டால்
மொத்தப் பாறைக்கும் தன் பேரில் பட்டா எழுதிக்கொள்வான்.
கடைசியில் விடணும்."
வரி வரியாய், நிலைகொள்ளாமல் சுற்றிய ஒன்று.
"நல்லவன். ஆறு மாதத்துக்கு."
கோலப்பொடியெல்லாம் ஒரே உடம்பில் கொட்டியதுபோல்
மூலையில் ஊர்ந்துகொண்டிருந்ததை
அவள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.
அவனே சொன்னான்:
"கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத்தான் தின்னும் அது.
உங்கள் வீட்டில் அழகாகப் பட்டினி கிடக்கும்."

பிறகுதான் கேட்டான், மேலே மூடி உண்டா?

இல்லை.
மே மாதக் காட்கோபரில் மூடினால் ரசம்.
விசிறியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.
தினமும் ஒரு சொம்பு ஆவியாகும்,
தினமும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுவோம்.
உப்பு எங்கும் போவதில்லை.

"அப்படியென்றால் குதிக்கிறது எதுவும் வேண்டாம்."
எது குதிக்கும்?
"பயந்தால், எல்லாமே."

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு
மூன்றாவது மாடி வீட்டுக்காக நாங்களும் பதில் சொன்னோம்.
என்ன சாப்பிடுவீர்கள், யாரெல்லாம் வந்து போவார்கள்.
செயலாளர் ஹஸ்முக் கடா
ஜெசிந்தா என்ற பெயரை இரண்டு தரம் வாசித்தார்.
சமையலறையில் மீன் கூடாது: கையெழுத்துப் போட்டோம்.
கூடத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

போன வருடம் ஒன்று இருந்தது,
வால் பக்கம் நெருப்பு, முதுகில் நட்டுவைத்த நூல்.
பராமரிப்புக் கட்டண ரசீதோடு யாரோ கதவைத் தட்டினார்கள்.
இரவு எண்ணினால் ஒன்று குறைகிறது.
பாறை பாறையாய்த் தேடினோம்.
நாலாம் நாள் சோபாவுக்குப் பின்னால்
ஜெசிந்தா எடுத்தாள், விரல் நீளக் கருவாடு.
மணப்பாட்டுக்காரி, மூக்கருகே கொண்டுபோனாள்.
"நெத்திலி வாசம்கூட இல்லை பாவத்துக்கு" என்றாள்.
அப்புறம் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவேயில்லை.

எங்கள் கட்டிடத்தில் குப்பையைக் கிளறிப் பார்ப்பார்கள்.
காகிதத்தில் மடித்து டிபன் பையில் வைத்து
வாஷி ரயிலில் கொண்டுபோய்
பாலத்தின் மேலிருந்து கழிமுகத்தில் போட்டாள்.
அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதம்.

இந்த முறை இரண்டு கோமாளிகள், கட்டைவிரல் அளவு.
"இரண்டும் ஆண். மல்லுக்கட்டி ஜெயிப்பது பெண்ணாகிவிடும்"
என்றான் நௌஷாத்.
ஜெசிந்தா சிரித்ததில் பக்கத்துப் பையில் ஒன்று மிரண்டது.
மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள்:
"இது உளுவைடா!"
மஞ்சள் உளுவை, கூடவே ஓர் இறால்.
இறாலுக்குப் பார்வை மட்டு, வளை தோண்டும்.
உளுவை வாசலில் காவல் நிற்கும்.
மீசை ஒன்று எந்நேரமும் அதன்மேல் பட்டபடி இருக்கும்,
வால் சிலிர்த்தால் இரண்டும் உள்ளே.
நான்காவது வேண்டாமென்று நான் சொன்னேன்.
அவள் மூலைப் பக்கம் ஒருதரம் திரும்பினாள்.

லிஃப்டில் ஹஸ்முக் பாய்.
பையைப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார்.
"கடித்துக்கொள்ளாதா?"
"தெரியாது" என்றாள் ஜெசிந்தா.
மூன்றாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு
நாங்கள் இறங்கும்வரை நின்றார்.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் விடவேண்டுமாம்.
பைகள் அரைமணி மிதந்தன,
ஒவ்வொரு கரண்டியாய்த் தொட்டித் தண்ணீரைச் சேர்த்தோம்.
இப்போது இருட்டு, விசிறிச் சத்தம்,
ஏதோ ஓரிடத்தில் மணல் நகர்கிறது.
செல்போனை அமர்த்தியாயிற்று.
அழைப்பு மணியின் ஒயரையும் பிடுங்கிவிட்டாள்.
தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோம்
ஏதாவது விழுகிறதா என்று.