நாலாம் கதவு

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
இருபதடியில் என் லாட்டரித் தட்டி.
கோயமுத்தூர்ப் பக்கமிருந்து நடந்து வந்து
கேரளத்து அதிர்ஷ்டத்தை
சட்டைப்பையில் மடித்துப் போவார்கள்.
கடைசி நாலு நம்பரை நான் கூவுவதைக் கேட்டுக்
காரை நிறுத்தினான் நௌஃபல்.
"ஒரு பிசாசுக் குரல் வேணும்க்கா, கேமுக்கு."

பாலக்காட்டில் மாடி அறை, சுவரெல்லாம் மெத்தை.
கணவாய்க் காற்று மைக்குக்குள் புகுந்ததால்
கம்பளிக்குள் உட்கார்ந்து பேசினேன்.
தமிழில் ஒருதரம், மலையாளத்தில் ஒருதரம்.
ஏழு கதவு. கதவுக்கொரு கணக்கு.
விடை எழுதித் தரவில்லை.
பத்தாம் வகுப்பில் பதினெட்டு மார்க் வாங்கியவள்
நானும் கேட்கவில்லை.
"தப்பு" மட்டும் நாற்பத்து மூன்று விதம்:
சிரித்து, சலித்து,
கொட்டாவியோடு,
பாவம் பார்த்து.
"சரி" ஆறே ஆறு.

ரெண்டாம் பாகத்துக்கும் கூப்பிட்டார்கள்.
மூணாம் பாகத்துக்கு
கம்ப்யூட்டரே என்னைப் போலப் பேசிக்கொள்ளுமாம்.

நேற்று ஒரு வெங்காய லாரி.
கிளீனர் பையன் இறங்கி வந்து
சில்லறை கேட்டவன்
என் குரலில் நின்றுவிட்டான்.
"அக்கா நீங்கதானா அது?
நாலாம் கதவுல பதினோரு நாளா நிக்கறேன்.
எதை அமுக்கினாலும் தப்புங்கறீங்க!"

ராத்திரி, குலுக்கல் முடிந்து செத்த சீட்டின் பின்புறம்
பேனாவை உதறி உதறிப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும்.
இன்னொன்று பன்னிரண்டில்.
அடியில் ஓர் ஓட்டை நாலு மணியில் காலி செய்யும்.
எல்லாம் திறந்திருந்தால் எப்போது நிரம்பும்?

மூன்று சீட்டு வீணானது.
வருவதும் போவதும் ஒன்றேதான்.
நிரம்பாது.
அமுக்குவதற்கு ஒரு நம்பரும் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
கடைசி நாள், கிளம்பும் நேரம்,
"ஒண்ணும் பேசாதீங்கக்கா,
மூச்சு மட்டும் விடுங்க" என்றான் நௌஃபல்.
ஃபேன் சத்தம் சரிபார்க்கிறான் என்றிருந்தேன்.
அதற்கும் சேர்த்துத்தான் ஆயிரத்து இருநூறு.

இன்றைக்கு லாரி திரும்பியது, காலியாக.
"கண்டுபிடிச்சீங்களாக்கா?"

நான் மூச்சு விட்டேன்.

"என்னக்கா, பேச மாட்டீங்களா?"

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.
பையன் நகரவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டு
கையில் போனோடு,
எதையும் அமுக்காமல்.