ஒன்றாம் எண் கூண்டு

முப்பது நாள் இலவசம் முடிந்துவிட்டதாம்.
திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி
ஏறி உட்கார்ந்துகொண்டது.
உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்கிறது.
மூடினால் போகிறது.
டீ ஆற்றிக்கொண்டு வருவதற்குள் மறுபடி வந்துவிடுகிறது,
தண்டல்காரர் மாதிரி,
செருப்பைக் கழற்றாமல்.

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறவர்கள்
யாரிடமும் காசு கேட்டதில்லை.
ஒன்றாம் எண், மூன்றாம் எண்,
ராத்திரி என்றால் விளக்கு.
பார்த்தவன் வலையைச் சுருட்டுவான்.
பார்க்காதவனுக்குப் பக்கத்து வள்ளம் கத்திச் சொல்லும்.
சந்தா கட்டினால்தான் புயல் தெரியும் என்று
சின்னப்பாலத்தில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதை ராமநாதபுரம் கடையில்
ஹபீப் மரைக்காயரிடம் சொன்னேன்.
"கூண்டு காத்தைச் சொல்லும்மா.
வள்ளத்தை இழுத்துக் கட்டுமா?"
அட்டைப் பெட்டியை முன்னால் வைத்தார்.
வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் எண் வரும்.
ஒரு கணினி, ஒரு வருடம், அறுநூற்று ஐம்பது.

மனசுக்குள் பாசியாக மாற்றிப் பார்த்தேன்.
காய்ந்தது பதினோரு கிலோ.
பஞ்சவர்ணம் விரலெல்லாம் துணி சுற்றி
பாரில் இரண்டு நாள் மூழ்கி எழ வேண்டும்.

அப்படி என்ன இருக்கிறது என் பெட்டிக்குள்?
முப்பத்தெட்டுப் பெண்களின் எடைக் கணக்கு.
குழுக் கடன், வாரத் தவணை.
இருளாயி தங்கச்சிக்காக வாங்கிய எட்டாயிரம்,
அவள் புருஷனுக்குத் தெரியாத எட்டாயிரம்.
திருடன் வந்தால் இதில் எதை எடுப்பான்?
"எடுக்க மாட்டான். பூட்டிருவான்.
உங்க வீட்டுச் சாவிக்கு
உங்ககிட்டயே விலை சொல்லுவான்."
உச்சிப்புளி வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
பெட்டியை வாங்கவில்லை.

காசில்லாதது ஒன்று கணினியோடு கூடவே வரும், அதுவே தாராளம்
என்றான் என் கொழுந்தன் சேதுபாண்டி.
சொன்ன கையோடு
யாருடையதோ கல்யாண வீடியோ என்று
பென்டிரைவைச் செருகினான்.
உப்புப் பூத்த துளை, இரண்டு தரம் ஊதித்தான் செருகினான்.
மாப்பிள்ளையும் வரவில்லை பெண்ணும் வரவில்லை.
என் கோப்புகள் எல்லாம் பெயர் மட்டும் நிற்க
உள்ளே ஆளில்லாத வீடுகள் ஆயின.
காசில்லாதது பிடித்தது,
பிடிக்கவில்லை என்று பழி சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் பிந்திப் பிடித்தது.
எழுபது வரி போயிற்று.

போன கணக்கைப் பெண்கள் வாயாலேயே சொன்னார்கள்.
யார் என்றைக்கு எத்தனை கிலோ,
எந்தத் தவணையில் எவ்வளவு பாக்கி.
முத்துராக்கு மட்டும் மூன்று கிலோ கூட்டிச் சொன்னாள்.
எழுதிக்கொண்டேன்.

நேற்று ஒன்றாம் எண் ஏற்றியிருந்தார்கள்.
யாரும் பாசிக்குப் போகவில்லை.
கரையில் எல்லாரும் இருந்த நேரமாகப் பார்த்து
கேட்டுவிட்டேன்.
ஆளுக்குப் பதினேழு ரூபாய்.
நாலு ரூபாய் துண்டு விழும், அதை நான் போடுகிறேன்.

"சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குக் காசு?"
"அன்னைக்குச் சும்மா கிடைச்சதுதானே கோட்டை விட்டுச்சு?"
"அது மெசினு தப்பில்ல, கொழுந்தன் தப்பு."
"கொழுந்தனுக்கு மருந்து உண்டா அந்தப் பெட்டியில?"
சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது.
காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது,
பாதிப் பேர் எழுந்து போக ஆரம்பித்தார்கள்,
ஒன்றும் முடிவாகவில்லை.

இருளாயி மட்டும் போகவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஐம்பது ரூபாய்த் தாளை நாலாக மடித்து
என் கையில் வைத்தாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
மீதியும் கேட்கவில்லை.