எண்ணூறு மில்லிமீட்டர்

கழுகு பார்க்கச் செய்த லென்ஸ் இது.
விற்றவர் பறவைப் பித்துள்ள பல்மருத்துவர், ஹில்கிரெஸ்ட்.
"இதை வைத்து என்ன எடுப்பீர்கள்?" என்றார்.
"எதிரில் இருப்பதை" என்றேன்.
ஆலையை மூடியபோது கொடுத்த பணத்தில்
பாதி இதற்குப் போயிற்று.
கோகிலாவிடம் கால் பங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

நூறிலிருந்து நானூறு.
கூடவே கன்வெர்ட்டர் இரண்டு:
ஒன்று ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு,
மற்றது இரட்டிப்பு.
வேறு லென்ஸ் என்னிடம் கிடையாது.

ஆகவே
பிறந்தநாள் கேக்கை எடுக்க
நான் தெருவைக் கடக்க வேண்டும்.
பிரேஷ்னி மெழுகுவத்தி ஊதியதை
எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில் சாய்ந்து நின்று
எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எடுத்தேன்.
ஜன்னல் கம்பிகள் சாம்பல் புகையாயின.
புகைக்குப் பின்னால் ஏழு முகம்,
எல்லாம் சிரிக்கின்றன,
ஒன்றும் என்னைப் பார்த்து அல்ல.
அப்புறம் பூபாலன் வந்தார்,
என் வீட்டுக் கேக்கைக் காகிதத் தட்டில் ஏந்தி
தெரு தாண்டி, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

"ரொட்டி வாங்கப் போகவும் இந்தப் பீரங்கியா?"
என்பாள் கோகிலா.
ரொட்டியை இதில் எடுக்க முடியாது.
ஒன்றரை மீட்டருக்குள் வருவது எதுவும்
இதற்குத் தெரியாது.
தெரிவது, வரிசையின் கோடியில் நிற்பவர் காதில் செருகிய பென்சில்.
கூரைமேல் கத்தும் ஹடீடாவின் சிறகில்
யாரும் பாராட்டாத பச்சை.
டாக்சியில் தூங்கும் பெண்ணின் மடியில்
அவளோடு சேர்த்து பெல்ட் போட்ட அன்னாசி.

இரட்டிப்பை மாட்டினால்
வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிடும்.
தூரத்துக்குக் கூலி வெளிச்சம்.
உச்சிவெயிலிலும் வ்யூஃபைண்டருக்குள் அந்தி.
முழங்கையை முட்டியில் ஊன்றி
மூச்சைப் பிடித்தாலும்
நெஞ்சு அடிப்பதே படத்தை ஆட்டும்.

பின்படிக்கட்டில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு.
இந்தப் பக்கம் சாட்ஸ்வர்த், அந்தப் பக்கம் உம்லாசி.
நடுவே ஆறு, புதர்,
ஒருவரையொருவர் தொடக்கூடாதென்று
சட்டம் கோடு போட்டு ஒதுக்கிய வெற்றுநிலம்.
லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது
எங்கள் பேட்டைகளுக்கு எண் கொடுத்தார்கள்,
அவர்கள் பேட்டைகளுக்கு எழுத்து.

எண்ணூறில் அந்த நிலம் மடிந்துவிடுகிறது,
பெட்டியில் வைத்த வேட்டியின் உள்மடிப்பாக.
எங்கள் சரிவின் கடைசிக் கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளும்
எதிர்ச்சரிவின் முதல் கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளும்
ஒரே கயிற்றில் ஆடுகின்றன.
எண்ணும் எழுத்தும் ஒரே கண்ணில்.
அழகாகத்தான் இருக்கிறது.
ஆனால் நடந்து பார்த்திருக்கிறேன்.
ஐம்பது நிமிடம், இரண்டு வேலி,
ஆற்றில் முழங்கால் தண்ணீர்.
தவிர, இரண்டு கொடியில் ஒன்றுதான் தெளிவாக விழும்.
எது என்று
நான்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும்.

சனிக்கிழமை எதிர்க்கூரையில் ஒருவர்
டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
சிவப்புத் தொப்பி.
வெக்கை அவரைத் தண்ணீரில் விழுந்த நிழலாக நெளித்தது.
கீழே யாரிடமோ கத்துகிறார்,
வருகிறதா, இப்போது வருகிறதா.
ஜூலு எனக்குக் கடைக்கணக்கு அளவுதான்,
ஆனால் அந்தக் கேள்விக்கு எல்லா மொழியிலும் ஒரே வாய்.
சட்டென நிமிர்ந்து
நேராக என் கண்ணாடிக்குள் பார்த்தார்.

திருடனாட்டம் காமிராவை இறக்கினேன்.
வெறுங்கண்ணுக்கு அங்கே ஆளும் இல்லை கூரையும் இல்லை,
தகரத்தின் ஒரு மினுக்கு.
என்னைத்தான் பார்த்தாரா?
இந்த நாட்டில் டிஷ் எல்லாம் வடக்கே பார்க்கும்.
அவருக்கு வடக்கு என் வீடு.

எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.
திரும்பவும் லென்ஸில் தேடிப் பிடிப்பதற்குள்
ஏணியின் இரண்டு நுனி மட்டும்.

"மூன்று நாளாக நம் டிவியும் வரவில்லை,
கொஞ்சம் ஏறேன்" என்றாள் கோகிலா உள்ளிருந்து.

லென்ஸை ரொட்டி டப்பாமேல் வைத்துவிட்டு ஏறினேன்.
ஆணியைத் தளர்த்தி வடக்கே திருப்பினேன்.
உம்லாசி முழுக்க இப்போது என் பின்னால்.
"வருகிறதா?" என்று கத்தினேன்.
முதுகு கூசியது.