எட்டு

ஆய்வகத்துத் தாளில் என் பெயருக்கு நேரே
ஓர் எட்டு.
முப்பதாவது இருக்க வேண்டிய இடத்தில்.
டாக்டர் துங்கலாக் பேனாவால்
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
"வெயில் படுதா உங்க மேல?"

சிரிப்பு வந்துவிட்டது.
உலான்பாத்தரில் கேட்கிற கேள்வியா அது?
வருஷத்தில் முக்கால்வாசி நாள்
மேகமே அண்டாத வானம் எங்களுடையது.
எதற்கெடுத்தாலும் அந்த நீலத்தைச் சாட்சிக்கு அழைக்கிற ஜனம் நாங்கள்.

நீலத்துக்கும் எனக்கும் நடுவில்
மலைச்சரிவு முழுக்கக் கூடாரம்,
கூடாரத்துக்கு ஓர் அடுப்பு,
அடுப்புக்கு நாளுக்கொரு வாளி கரி.
ஆலைக்குப் போகும்போது இருட்டு.
ஆட்டு மயிரில் வெள்ளையை வெள்ளையோடும்
பழுப்பைப் பழுப்போடும் சேர்த்துவிட்டு
வெளியே வந்தால் அதே இருட்டு.
நடுவில் இருந்த பகலை
யாரோ செலவழித்துவிட்டார்கள்.

மூன்று குளிர்காலம்.
நவம்பரில் ஒன்று, ஒன்பது வாரம்.
அடுத்தது ஜனவரி. அதற்கு வாரம் எண்ணக்கூட
நேரம் கிடைக்கவில்லை.
மூன்றாவதின் துடிப்பைத் திரையில் பார்த்தோம்.
மியாக்மார் போனில் பதிவு செய்தான்,
பதினேழு நொடி.
அவன் இன்னும் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது.

கலைந்துவிட்டது என்கிறார்கள்.
கூட்டம் கலைகிறது,
தூக்கம் கலைகிறது,
வாரிய தலை கலைகிறது.
கலைய வேண்டிய புகை மட்டும்
மார்ச் வரை அப்படியே நிற்கிறது.

"இதனாலதானா?" என்றேன்.
துங்கலாக் பேனாவை மூடினார், திறந்தார்.
"குறைவா இருக்கிறவங்களுக்கு அதிகமா கலையுதுன்னு
சில ஆய்வு சொல்லுது.
ஏத்திவிட்டா நிக்குமான்னு
உறுதியா யாராலயும் சொல்ல முடியல.
புகை வேற இருக்கு. தைராய்டு பார்க்கணும்,
ரத்தம் எப்படி உறையுதுன்னு பார்க்கணும்.
இது ஒண்ணுதான்
இப்பவே கையில எடுத்துக் குடுக்க முடியுது.
அதனால குடுக்கறேன்."

பக்கத்துக் கூடாரத்து ஹொர்லோ,
கரி வாளி தூக்கினதால் என்றாள்.
மியாக்மாரின் அண்ணி,
வாசற்படியை மிதித்ததால் என்றாள்.
எல்லோருக்கும் அவ்வளவு உறுதி.
தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.
அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.

என் பெயர் எனெபிஷ்.
'இது இல்லை' என்று அர்த்தம்.
எனக்கு முன்னால் இரண்டை இழந்த அம்மா
மூன்றாவதைத் தேடி வரப்போவதை ஏமாற்ற வைத்தது.
நீ கேட்டு வந்தது இது இல்லை, போ.
வந்ததும் நம்பிப் போயிருக்கிறது,
முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன்.
அந்தப் பெயருக்கு நேரே எட்டைப் பார்க்கும்போது
என்னையே யாரோ திருத்தி எழுதுவதுபோல் இருந்தது:
இது இல்லை.
இதுவும்.

மஞ்சள் மாத்திரை, ஞாயிறுக்கு ஒன்று.
விளக்கில் பிடித்தால் உள்ளே எண்ணெய் அசைகிறது.

முதலாவதை விழுங்கிவிட்டு
பஸ் பிடித்துப் போய்த் தெற்கு மலை ஏறினோம்.
பாதி வழியில் புகை காலுக்குக் கீழே போயிற்று.
மைனஸ் இருபத்தாறு.
முகத்துச் சால்வையை அவிழ்த்தேன்,
கையுறையைக் கழற்றினேன்.
"இந்த மாசத்து வெயில் சாய்ஞ்சு விழுது,
தோலுக்கு ஒண்ணும் பண்ணாது,
மாத்திரைதான்னு அவங்களே சொன்னாங்களே."
சொன்னார்கள்தான்.

படம் எடுக்கவா என்று போனை நீட்டினான்.
வேண்டாம், என்றேன்.
அந்தப் பதினேழு நொடியைக் காட்டு.

கொஞ்ச நேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு தேடி எடுத்தான். அதிகம் தேடவில்லை.
வெயிலில் திரை தெரியவில்லை,
ஒரே வெள்ளை.
மியாக்மார் எனக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நின்று
கோட்டை இரண்டு பக்கமும் விரித்து
நிழல் பிடித்தான்.