கடைசி டிராமுக்கும் முதல் டிராமுக்கும் நடுவில்

என் வேலை அடைப்பெடுப்பது.
நகமளவு கண்ணாடிச் சில்லில்
முடியை விட மெல்லிய வாய்க்கால்கள்.
ஒரு தூசி போதும்,
பாசனம் நின்றுவிடும்.

இரு பக்கமும் எண்ணெய் வரும், நடுவில் நீர்.
கூடும் இடத்தில் எண்ணெய் கழுத்தைப் பிடிக்கும்.
நீர் நீளும்,
இடை சிறுக்கும்,
அறும்.
துளி.
மறுபடி துளி.
நொடிக்கு எண்ணூறு.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே சாபம்.
இரண்டு சேர்ந்தாலே அன்றைய வேலை வீண்.
அதனால் எண்ணெயில் கொஞ்சம் சோப்புச் சரக்கு:
துளிக்கொரு சட்டை.
உரசலாம், கலக்கக் கூடாது,
காலை நெரிசலில் நாம் நிற்பதுபோல.

துளிக்குள் வெறும் நீரில்லை.
கண்ணுக்கெட்டாத கோலிக்குண்டுகள், கோடிக்கணக்கில்,
நடுவே ஈரம் குடிக்கும் ஒரு கூழ்.
நீர் வெளியேற வேண்டும்,
குண்டுகள் வரிசை பிசகாமல் நெருங்கி உட்கார வேண்டும்.
உட்கார்ந்தால் சாயமில்லாமல் நிறம் வரும் என்று
வாலென்டி பலகையில் வரைந்து காட்டினார்.
அம்புக்குறிகள் அழகாகவே இருந்தன.

வந்தது வெள்ளை.
அறுபது டிகிரி அடுப்பில் காய்ந்தவை
கன்னம் ஒட்டிய பட்டாணிகள்.

அது போதாதென்று பதினேழாம் எண் டிராம்.
ஓட்ராப் பாலம் இறங்கி வளைவில் அது திரும்பும்போது
எங்கள் தரை நடுங்கும்,
துளிகள் பெரிதும் சிறிதுமாய் அறும்.
போக்னா ஒரு வாரம் ஜன்னலோரம் நின்று
நேரம் குறித்தாள்.
டிராம் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டோம்.
‘உங்கள் துளிகளுக்கு எங்கள் அனுதாபங்கள்’
என்று பதில் வந்தது.
பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ஆக, இரவு வேலை.
கடைசி டிராம் போன பிறகு நாலு மணி நேரம்
வ்ரோத்ஸ்வாஃப் அசையாது.
வெளியே பிப்ரவரி.
இரண்டு நாற்காலி சேர்த்துப் போக்னா தூங்குகிறாள்,
அவள் பூட்ஸ் வெப்பக் குழாய்மேல் காய்கிறது.
ஊசிக்குழலைத் தள்ளும் மோட்டார் முனகுகிறது.
திரையில் துளிகள்,
யாரும் சொல்லாமலே அறுகோணமாய் அடுங்கி,
எல்லாம் ஒரே அளவு.
எழுப்பலாமா என்று நினைத்தேன்.
எழுப்பவில்லை.

அன்று அடுப்பில் வைக்க மறந்துவிட்டேன்
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
பொய்.
அடுப்பை எதிர் அறை செலெஸ்டின் பிடித்து வைத்திருந்தான்,
கேட்கப் பிடிக்கவில்லை.
குப்பியை அரைகுறையாய் மூடி அலமாரியில் தள்ளினேன்.
பதினோரு நாள்.

நீலம்.
மயில்கழுத்து நீலம்.
மயிலிடமும் நீலச் சாயம் கிடையாதாம்,
வெறும் வரிசைதான்.

போக்னா மூடியைத் திறந்து குனிந்தாள்.
ஏதோ சொல்ல வந்து சொல்லவில்லை,
மூச்சு மட்டும் விழுந்தது.
பச்சை.
நாங்கள் பார்க்கப் பார்க்க
ஓரத்திலிருந்து திரும்பவும் நீலம்.
மறுபடி ஊதினாள்.
பிறகு நான்.
ஒன்பது மணிக்கு ஈரத் தொப்பியோடு வந்த வாலென்டி
‘சூப்பா ஆற்றுகிறீர்கள்?’ என்றார்.
பிறகு அவரும் ஊதினார்.

படிவத்தில் ‘பயன்’ என்ற கட்டத்தில்
மருந்துப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால்
காட்டிக்கொடுக்கும் வில்லை என்று எழுதினார்.
சரிதான்.
மூச்சைப் பற்றி எழுதக் கட்டமில்லை.

பதினேழு திரும்பியது. தரை நடுங்கியது.
குப்பிக்குள் ஒன்றும் நகரவில்லை.

அடுத்த குப்பி, அதே இரவு, அதே எண்ணெய், அதே அலமாரி:
சாம்பல்.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.
சில்லில் வேறு எங்கோ அடைப்பு.