குக்கர் சத்தம்

குக்கர் அடுப்பில் இல்லை.
கழுவிக் கவிழ்த்தவள் நான்தான்.
ஆனாலும் குசினிக்குள் குக்கர் இரைகிறது,
விசிலுக்குப் போகாத
நீண்ட ஒரே மூச்சு.

காஸ் சிலிண்டருக்குப் பின்னால் என்று
கால்கள்தான் முதலில் கண்டுபிடித்தன.
கதிரையில் ஏறி நின்ற பிறகே
எனக்குச் சொல்லின:
புடையன்.

கனகபுரத்தில் இந்த வீட்டுக்கு
இரண்டு மாரி முடிந்துவிட்டது.
தண்ணீர்த் தாங்கியின் மூடியைக் கழற்றிக்
குரங்குகள் இறங்கிக் குளித்த நாளில்
மூன்று தரம் தாங்கி கழுவினேன்.
மரவள்ளியைப் பன்றி உழுதுவிட்டுப் போன விடியலில்
பாத்திக்குள் நின்று
வாழ்க்கையில் முதல் தூஷணத்தைச்
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
யன்னல் கண்ணாடியில் தன்னோடு தானே
சண்டை பிடிக்கும் மயிலுக்காகப்
பழைய பெட்சீற் ஒன்று தொங்கவிட்டேன்.
இப்போது அது அடுத்த யன்னலுக்குப் போகிறது.

புடையன் வேறு.
புடையனோடு பேச்சுவார்த்தை இல்லை.

காணியில் வெடி கிளப்பிய பெடியள்
"இனி ஒண்டும் இல்லையக்கா" என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள் அந்த நாளில்.
அவர்களின் கருவி
இரும்புக்கு மட்டுந்தான் கத்தும்.

அறைக்குள் ஆரூரன் நித்திரை.
கதவுக்குக் கீழே மேசன் விட்ட இடைவெளி
இரண்டு விரல்.
பக்கத்து வளவுச் செபமாலை அண்ணை
போன் எடுக்கவில்லை.
பிறகு தவசீலனுக்கு அடித்தேன்,
தோஹாவுக்கு.

வேலை முடிந்து வந்து
இரும்புக் கட்டிலில் படுத்திருந்தவர் எழும்பினார்.
"தடி எடும்."
தடி வெளியில்.
"அப்ப தண்ணி ஊத்தும்."
தண்ணி சிலிண்டருக்கு அங்கால்.
"என்னதான் இருக்கு கைக்கெட்ட?"
தும்புத்தடி ஒன்று.
தலைமயிர் கட்டுகிற ரப்பர் வளையம் ஒன்று.
நீங்கள்.

போனைத் தும்புத்தடி நுனியில் கட்டிக்
கதிரையில் நின்றபடி நீட்டினேன்
சுவருக்கும் சிலிண்டருக்கும் நடுவில்.
அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.
பாம்பின் முகம் அவருக்குத் தெரிந்தது.

இரைச்சல் நின்றது.
தோஹாவும் மூச்சு விடவில்லை.
பிறகு மெல்லமாக, கோயிலில் கதைப்பது போல,
"என்ன வடிவான சாமானப்பா" என்றார்.
அந்த நேரம் பாம்பை விட்டுவிட்டு
மனுசனை அடிக்கலாம் போல இருந்தது.

"அசையாதையும். திரும்புது.
ஓட்டைப் பக்கம் போகுது. போகுது.
இன்னும் போகுது.
வால். போயிட்டுது."

தண்ணீர் வடியும் ஓட்டை.
வலை வாங்கிப் போடும் என்று
தைப்பொங்கலில் இருந்து சொல்லிக்கொண்டிருந்த ஓட்டை.
இறங்கி ஓடி
அரைச் செங்கல்லால் அடைத்தேன்.
கை நடுங்கித் தும்புத்தடி விழுந்தது,
போன் நிலத்தில், முகம் மேலே பார்த்தபடி.

எடுக்கக் குனிந்தேன்.
"பொறும். எடுக்காதையும்.
கொஞ்சம் சரிச்சு வையும்.
இதே நான் காசு அனுப்பின டைல்ஸ்?
நீலமெண்டெல்லோ சொன்னீர்."
கடையில் சாம்பல் தான் இருந்தது என்றேன்.
"ம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தக் கதவுக்குக் கீழ
ஏன் இவ்வளவு இடம்?"

அத்திவாரம் வெட்ட முதல் விமானம் ஏறியவர்.
எங்கே ஈரம், எந்த மூலை குளிர்,
எதனூடாக வரலாம், எதனூடாகப் போகலாம்
என்றெல்லாம் புடையனுக்குத் தெரிந்திருந்தது.

பற்றரி நாலு வீதத்துக்கு இறங்கும்வரை
அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கதிரையில்,
காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியச் செபமாலை அண்ணை வந்து
உள்ளி இடித்து மண்ணெண்ணெயில் கரைத்து
வீட்டைச் சுற்றி ஊற்றினார்.
"சோடி ஒண்டு இருக்கும், பாத்துக்கொள் பிள்ளை"
என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பருப்புப் போட்டுக் குக்கரை மூடினேன்.
முதல் இரைச்சலுக்கு
இரண்டு காலும்
நிலத்தில் இல்லை.